வெயில் படாத வெண்டைக்காய்

மூளை என்றால் ஆட்டுத்தலைக்கறியோடு வரும் சமாச்சாரம் என்று நம்புகிற ஊர் மொட்டப்பாறை. அந்த ஊரே பார்த்துச் சிரிக்கிற மடையர்கள் மூன்று பேர்: ஒச்சப்பன், அவன் தம்பி சன்னாசி, மச்சான் தொப்பையன்.

மாசிக் கடைசியில் ஒச்சப்பன் மகளைப் பெண் பார்க்கக் கள்ளிக்குளத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மத்தியானம் விருந்து. வேறு ஆள் கிடைக்காத கொடுமைக்கு, ஒச்சப்பன் பெண்சாதி வீராயி இந்த மூவரையும் உழவர் சந்தைக்கு அனுப்பினாள்.

"வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பாருங்க. விலையை அடிச்சுப் பேசுங்க. வாடிப்போகும், வெயில் படாம கொண்டாங்க."

முதல் கடையிலேயே உட்கார்ந்து குவியல் முழுவதையும் நுனி ஒடித்தார்கள்.

"ஒண்ணு ரெண்டு ஒடிச்சாப் போதாதாண்ணே?" என்று அலறினான் கடைக்காரன்.

"மத்ததுக்கு நீ ஜாமீனா?" என்றான் தொப்பையன்.

அடுத்தது விலை.

"அடிச்சுப் பேசணுமாம். யாரை அடிக்கிறது?" என்றான் சன்னாசி.

ஒச்சப்பன் யோசித்தான். "யார் பேசுறாங்களோ அவங்களைத்தான்."

சொன்ன வாய் மூடுமுன் தொப்பையன் அவன் கன்னத்தில் ஒன்று விட்டான். "ஏண்டா அடிச்சே?" என்று கேட்ட சன்னாசிக்கும் ஒன்று. பிறகு மூவரும் மாறி மாறிப் பேசினார்கள்; மாறி மாறி வாங்கினார்கள். கூட்டம் கூடிவிட்டது.

"காசே வேணாம், எடுத்துட்டு எந்திரிங்கய்யா!" என்று கும்பிட்டான் கடைக்காரன்.

"வீராயி கெட்டிக்காரிதான்," என்றான் ஒச்சப்பன், வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே.

வெளியே வெயில் கொளுத்தியது. மொட்டப்பாறைச் சாலையில் ஒரு மரம் கிடையாது. எதிர்த்திசையில் ஒரு வைக்கோல் வண்டி போயிற்று. அதன் நிழலுக்குள் புகுந்து மூவரும் மூட்டையோடு நடந்தார்கள். வண்டி நின்ற இடம் கள்ளிக்குளம்.

"சம்பந்தி ஊரு! ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்," என்றான் ஒச்சப்பன்.

மாப்பிள்ளை வீடு பூட்டிக் கிடந்தது. இடுப்பில் பேரனோடு பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். "அவங்க மொட்டப்பாறைக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டாங்களே!"

ஒச்சப்பனுக்கு முகம் சிவந்தது. "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லாத நேரம் பாத்தா போறாங்க? இந்த லட்சணத்துக்குப் பொண்ணு வேறயா? சம்பந்தம் முறிஞ்சுதுன்னு சொல்லிடுங்க!"

"அவசரப்படாதேண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோடயா திரும்புறது?" என்று தடுத்த சன்னாசி, பக்கத்து வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டான்:

"ஐயாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"