கௌசிகா உள்ளே இருக்கிறாளா?

தீர்ப்புச் சொல்லத் தயங்காதவர்களுக்கான கதை இது.

ஒரு மகளிர் கல்லூரி விடுதியில் செண்பகவல்லி துணை வார்டனாக இருந்தாள். ஒரு வியாழக்கிழமை மாலை, இரண்டாமாண்டு மாணவி கௌசிகா அவளுடைய அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பள்ளியில் கூடப் படித்த பையனைக் காதலிப்பது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்றாள்.

"வீட்லேருந்து யார் வந்து கூப்பிட்டாலும் என்னை அனுப்பாதீங்க மேடம். போனா உயிரோட திரும்பி வர மாட்டேன். இதை யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. செண்பகவல்லி மனம் இளகிச் சத்தியம் செய்தாள். முதல்வரிடம் சொல்லவில்லை. பதிவேட்டிலும் எழுதவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. கௌசிகாவின் அப்பாவும் சித்தப்பாவும் இறங்கினார்கள். பின் இருக்கையில் இருந்த இரண்டு பேர் இறங்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை.

அப்பா பெற்றோர் அட்டையை மேசைமேல் வைத்தார். அட்டையைக் காட்டிக் கேட்டால் மாணவியை அனுப்பிவைக்க வேண்டும் என்பது விடுதி விதி.

"அவங்கம்மாவுக்கு உடம்பு முடியல மேடம். ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். மூணு நாள்ல கொண்டாந்து விட்டுடறேன்." தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அவங்ககிட்ட போன்ல ஒரு வார்த்தை பேசலாமா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

சித்தப்பா குறுக்கிட்டார். "பேசற நிலைமையில இல்லீங்க. பெட்டியெல்லாம் கட்டிடச் சொல்லுங்க. சர்டிபிகேட்டும் வேணும்."

செண்பகவல்லி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று நாளுக்கு எதற்குச் சர்டிபிகேட்?

யோசிக்க நேரம் வேண்டி, கௌசிகாவின் அறைத்தோழி பெனாசிரை வரவழைத்தாள். மாடி ஜன்னலிலிருந்து காரைப் பார்த்துவிட்ட பெனாசிர், கேட்கும் முன்பே சொன்னாள்: "கௌசிகா இல்லீங்க மேடம். புக் வாங்க டவுனுக்குப் போயிருக்கா."

வாட்ச்மேன் மாசிலாமணி கதவருகே நின்றிருந்தார். அவருடைய கேட் நோட்டில் பதினோரு வருடமாக ஒரு தவறான வரி கிடையாது. "இல்லம்மா, அந்தப் பிள்ளை ஒண்ணரைக்கே உள்ள வந்திருச்சு. அப்புறம் வெளிய போகல."

சித்தப்பா சிரித்துக்கொண்டே மாடிப்படியை நோக்கி நடந்தார்.

செண்பகவல்லி படிக்குக் குறுக்கே போய் நின்றாள். "ஆமா, உள்ளதான் இருக்கா. உங்களோட வர மாட்டேன்னு போன வாரமே என்கிட்ட சொல்லிட்டா. ஏன்னும் சொன்னா." அவர்கள் எதிரிலேயே முதல்வருக்கும், பிறகு காவல் நிலையத்துக்கும் போன் செய்து, கௌசிகா சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா மாடியை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்குள்ளயே நீ எத்தனை நாளைக்கு இருப்பேன்னு பாக்கறேன்" என்று சத்தம் போடாமல் சொல்லிவிட்டு, அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனார். போலீஸ் வருவதற்குள் கார் மறைந்துவிட்டது.

கௌசிகா அவளாகவே கேட்டுக்கொண்டபடி பாதுகாப்பு இல்லத்துக்குப் புறப்பட்டாள். ஜீப்பில் ஏறும்போது, "சத்தியம் பண்ணீங்களே மேடம்" என்றாள்.

கல்லூரி ஒரு விசாரணைக் குழு அமைத்தது. பெனாசிர் பொய் சொன்னாள். மாசிலாமணி உண்மையைச் சொன்னார். செண்பகவல்லி சத்தியத்தை மீறினாள். மூவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி செய்ததே சரி. பெனாசிரின் பொய் தோழிமேல் வைத்த பாசத்தில் வந்தது. ஆனால் வந்தவர்கள் அதை நம்பியிருந்தால் கார் தெருமுனையில் காத்திருந்திருக்கும், ஆபத்து இன்னதென்று விடுதியில் ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும். மாசிலாமணிக்கு ஒன்றும் தெரியாது. யாரிடம் சொல்கிறோம் என்று அறியாமல் சொன்ன உண்மை அது. உயிருக்கு ஆபத்து என்று கேட்டபிறகு, காப்பாற்றக்கூடியவர்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வார்டனின் வேலை. அந்த வேலையை ஐந்து நாள் முன்பே செய்திருந்தால் மாசிலாமணி வாயைத் திறந்திருக்க மாட்டார், பெனாசிருக்குப் பொய்யும் தேவைப்பட்டிருக்காது. இது செண்பகவல்லிக்கும் தெரிந்திருந்தது. சத்தியத்தை மீறியதற்காகத் தன் விளக்கத்தில் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படியொரு சத்தியத்தைச் செய்துகொடுத்ததற்குக் கேட்டிருந்தாள்.