இரண்டு முழ மீன்

மலை உச்சியில் சோலைகள் சூழ்ந்த ஏரி ஒன்று இருந்தது. அதில் துடுவன் என்ற நீர்நாய் தன் மனைவி கயலியோடு வாழ்ந்துவந்தது.

ஏரி நிறைய டிரவுட் என்ற குளிர்நீர் மீன்கள். பழுப்பு முதுகு, மேலெல்லாம் செம்புள்ளி. ஆனால் எதுவும் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததில்லை. அதற்குள் நீர்நாய்கள் இரண்டும் பிடித்துத் தின்றுவிடும்.

ஒருநாள் கயலியின் அண்ணன் பாறையன் மலைக்கு அப்பாலுள்ள ஆற்றிலிருந்து விருந்துக்கு வந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டு, "என்ன மச்சான், எல்லாம் பொடிமீனாகவே இருக்கிறதே! எங்கள் ஆற்றில் முழ நீளத்துக்குக் கிடைக்கும்!" என்று சிரித்தது.

விளையாட்டுப் பேச்சுதான். துடுவனுக்கோ முள்ளாய்த் தைத்தது.

"ஆறு என்ன பெரிய ஆறு! இந்த ஏரி நினைத்தால் இரண்டு முழ மீன் விளையும். இரண்டு மழைக்காலம் போகட்டும், வந்து பார்!"

மறுநாளே துடுவன் பாறைக்கு அடியில் இருந்த கொழுத்த மீன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. "இதை யாரும் தொடக்கூடாது!" என்று கட்டளை போட்டது. தவளை, நண்டு, மீன்குஞ்சு என அகப்பட்டதையெல்லாம் அதன் வாய்க்கு நேரே விரட்டியது. முன்பு பூச்சி தின்று வளர்ந்த மீன், இப்போது தன் இனத்தையே விழுங்கியது.

"போதுமா?" என்று கேட்கும் துடுவன்.

"போதாது!" என்று வாயைப் பிளக்கும் மீன்.

முதல் மழைக்குள் ஒரு முழம் ஆனது. இரண்டாம் மழை முடிவதற்குள் இரண்டு முழம். துடுவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கயலி இரண்டு குட்டிகளை ஈன்றது. ஏரியிலோ மருந்துக்குக்கூடப் பொடிமீன் இல்லை.

"எனக்குப் பால் வற்றிவிட்டது. அந்தப் பெரிய மீனைப் பிடியுங்கள்" என்று கெஞ்சியது கயலி.

"உன் அண்ணன் ஒருமுறை பார்க்கட்டும்! வருவதற்கு இன்னும் பத்து நாள்தானே?"

"பத்து நாள் குட்டிகள் தாங்குமா?"

துடுவன் மீனைப் பிடிக்கவில்லை. பாறைப் பக்கமும் போகவில்லை. வெறும் வாயோடு போனால் மீன் "பசிக்கிறது!" என்று கத்துமே!

ஆறாம் நாள் காலையில் சின்னக்குட்டி எழுந்திருக்கவில்லை. கயலி அதை நக்கி நக்கிப் பார்த்தது. அது அசையவே இல்லை.

துடுவன் மீனைப் பிடிக்க ஓடியது. ஒரே பாய்ச்சலாக ஏரிக்குள் குதித்துப் பாறைக்கு அடியில் நுழைந்தது.

மீன் அங்கேதான் கிடந்தது. தலை மட்டும் பெரிதாக, உடல் எலும்போடு ஒட்டிப்போய், மல்லாந்து கிடந்தது. தின்ன எதுவும் கிடைக்காமல் அது செத்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அழுகிப்போன சதையில் ஒரு வாய்கூடத் தேறவில்லை.

சொன்ன நாளில் பாறையன் வந்தது. அதன் வாயில் ஆற்று மீன் ஒன்று இருந்தது. செத்த குட்டியைப் பார்த்தது. தங்கையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது. இரண்டு முழ மீனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"சாப்பிடு, தங்கச்சி" என்று மட்டும் சொன்னது.

கயலி தின்றது. பிறகு மிஞ்சிய குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு அண்ணன் பின்னால் நடந்தது.

"கயலி, போகாதே! அடுத்த மழையில் ஏரி நிறைந்துவிடும்!" என்று கதறியது துடுவன்.

கயலி குட்டியைக் கீழே வைத்தது. "தண்ணீர் மட்டும் நிறையும்" என்றது. மறுபடியும் குட்டியைக் கவ்விக்கொண்டு மேடேறி மறைந்தது.

துடுவன் தனியே கரையில் நின்றது. ஏரியில் ஒரு சிற்றலைகூட எழவில்லை.

ஊர் மெச்ச ஒன்றை வளர்க்க வீட்டைப் பட்டினி போடுகிறவனுக்கு அந்த ஒன்றும் மிஞ்சாது, வீடும் மிஞ்சாது.