சேற்றில் சேர்த்த பூட்டு

கடுக்காய்ப்பாறை என்ற மலைக்கிராமத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. வயசானாலும் வீம்பு குறையாதது. அதன் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் வலத்தான், இடத்தான் என்று பெயர். அவர்களுக்கு நடுவே, அச்சின் கூண்டுக்குள் டிஃபரன்ஷியல் குடியிருந்தது. எஞ்சின் அனுப்பும் சுழற்சியை இருவருக்கும் பங்கு வைப்பது அதன் வேலை.

பங்கு வைப்பதில் அதற்கு ஒரு பலவீனம். முரண்டு பிடிக்காமல் எவன் லேசாகச் சுற்றுகிறானோ, அவனுக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடும். நல்ல ரோட்டில் இது பெரிய உபகாரம். வளைவில் வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிகம் ஓட வேண்டும், உள்பக்கத்துக்குக் கொஞ்சம் ஓடினால் போதும். சண்டையில்லாமல் திரும்பிவிடலாம். சேற்றில்தான் வம்பு.

அதே கூண்டின் மூலையில் இன்னொன்றும் இருந்தது. அது பூட்டு. கம்பெனியிலேயே வைத்து அனுப்பியது. டிரைவர் சோலையப்பன் டாஷ்போர்டில் இருக்கும் குமிழைத் திருகினால், பூட்டு எழுந்து வந்து இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். பிறகு ஒருவன் சுற்றினால் மற்றவனும் சுற்றியே ஆக வேண்டும். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டுக்குத் தூக்கம்தான்.

அன்று காலை பள்ளிக்கூடத்து வாலிபால் பிள்ளைகள் வண்டியில் ஏறினார்கள். மாவட்ட இறுதி ஆட்டம். மலையிலிருந்து ஒரு அணி அதுவரை போனதே இல்லை. பத்து மணிக்குள் டவுன் மைதானத்தில் நிற்காவிட்டால், ஆடாமலே தோற்றவர்களாகிவிடுவார்கள்.

மழையில் ஓடைப் பக்கத்து ரோடு கரைந்துபோயிருந்தது. வண்டி அதில் இறங்கியது, ஏறவில்லை. முன்சக்கரங்கள் வழுக்கின. வலத்தான் சேற்றில் புதைந்து விர்ரென்று சுற்றினான். இடத்தான் பாறை மேல் அசையாமல் நின்றான்.

"நான் ஒருத்தன் உயிரைக் கொடுத்து ஓடுகிறேன். இவன் பாட்டுக்குக் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறான்" என்றான் வலத்தான்.

"எனக்குக் காலூன்ற இடம் இருக்கிறது. சுற்றுவதற்குத்தான் பலம் ஒன்றும் வந்து சேரவில்லை" என்றான் இடத்தான். "டிஃபரன்ஷியல் அண்ணே, எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்."

"கொடுக்க எனக்கு வலிக்கிறதா? நான் நீட்டியதும் அவன் வாங்கிக்கொள்கிறான், நீ விறைத்து நிற்கிறாய். எனக்கு அவன்தான் சுலபம்" என்றது டிஃபரன்ஷியல்.

ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதைத் தொட்டது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

"மிதிங்கண்ணே, மணி எட்டே முக்கா" என்று பின்னாலிருந்து கத்தினாள் கேப்டன் விண்ணரசி. "ஷூ இல்லாமயே இம்புட்டுத் தூரம் ஜெயிச்சு வந்துருக்கோம். ஒரு சேத்துலயா போய் நிக்கிறது?"

சோலையப்பனுக்குப் பதற்றம் தலைக்கேறியது. மிதித்துக்கொண்டே குமிழைத் திருகினார். அவசரத்தில் இந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான். கூண்டுக்குள் கரகரவென்று பல் உரசியது.

பூட்டு துள்ளி எழுந்தது. "என்னை உடைக்கப் பார்க்கிறீர்களா? ஒருத்தன் பேயாய்ச் சுற்றுகிறான், ஒருத்தன் நிற்கிறான். இதற்கு நடுவில் நுழைந்தால் என் பல் போய்விடும். வலத்தான், முதலில் நீ நில்."

"நான் நின்றால் வண்டியே நின்றுவிடுமே."

"வண்டி எப்போதோ நின்றுவிட்டது தம்பி. உனக்குத்தான் தெரியவில்லை."

மேலே சோலையப்பனும் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மிதித்த காலை எடுத்தார்.

"ஏண்ணே விட்டுட்டீங்க?" என்றாள் விண்ணரசி.

"சுத்துறப்ப லாக்கு விழுகாது தாயி. நின்னாத்தேன் விழுகும். செத்த பொறு."

வலத்தான் நின்றான். பூட்டு நிதானமாக வந்து இருவரையும் பிணைத்தது. டாஷ்போர்டில் சின்ன விளக்கு எரிந்தது. சோலையப்பன் மெல்ல மிதித்தார். எஞ்சினின் பலம் அந்தச் சேற்றில் முதல்முறையாக இடத்தானிடம் வந்தது. அவன் பாறையைக் கவ்வி ஓர் உந்து உந்தினான். வண்டி சேற்றைப் பிய்த்துக்கொண்டு மேலேறியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓடைக் கொக்குகள் பறந்தன.

சக்கரங்கள் இரண்டுக்கும் தலைகால் புரியவில்லை. "இனி நாம் பிரியவே கூடாது" என்றார்கள். பூட்டுக்கும் உச்சி குளிர்ந்தது. அதே குஷியில் சோலையப்பன் குமிழைத் திருப்பி வைக்க மறந்துபோனார்.

தார் ரோடு வந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் இடப்பக்கம் ஒடித்தார். வண்டி திரும்பாமல் நேராகத் தடுப்புச் சுவரைப் பார்த்துப் போனது.

"நான் இன்னும் ஓடணும், விடு" என்று அலறினான் வலத்தான். "நான் மெதுவாகப் போகணும், இழுக்காதே" என்று கத்தினான் இடத்தான். டயர்கள் கிறீச்சிட்டன. சோலையப்பன் பிரேக்கில் ஏறி நின்றார். சுவருக்கு ஒரு முழம் பாக்கி. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள்.

"அடப்பாவி, லாக்க எடுக்கலையே" என்று தன்னையே திட்டிக்கொண்டு அவர் குமிழைத் திருப்பினார். விளக்கு அணையவில்லை.

"ஏன் விலகி வரமாட்டேன் என்கிறாய்?" என்று பூட்டைக் கேட்டது டிஃபரன்ஷியல்.

"எப்படி வருவது? இவர்கள் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் நான் நசுங்கிக் கிடக்கிறேன். கொஞ்சம் தளருங்கள்" என்றது பூட்டு.

"மாட்டேன். எனக்குக் கிடைத்ததே இன்றுதான். விட்டால் மறுபடி பழைய கதைதான்" என்றான் இடத்தான். அவன் பயத்தில் நியாயம் இருந்தது.

"இந்தப் பிள்ளைகளைச் சுவரில் முட்டவைக்கவா உங்களைச் சேர்த்தேன்?" என்றது பூட்டு.

சோலையப்பன் வண்டியைப் பின்னுக்குத் துளி உருட்டினார். இடத்தான்தான் முதலில் தளர்ந்தான். முறுக்கு அவிழ்ந்தது, விளக்கு அணைந்தது.

"எங்களைப் பிரித்துவிட்டாயே" என்றான் வலத்தான்.

"பிரிக்கவில்லை. வளைவில் திரும்ப விட்டிருக்கிறேன்" என்றது பூட்டு.

வண்டி சுவரை விட்டு விலகித் திரும்பியது. கீழே, மைதானத்தில் அப்போதுதான் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.