இல்லை என்று சொன்ன பிறகு

டயாலிசிஸ் இயந்திரம் செய்யும் அந்தக் கோவைக் கம்பெனியில் மெஹருன்னிசாவுக்கு ஒரே ஒரு சீடர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பெயர் சென்னியப்பன். ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதியே தலை நரைத்தவர், இயந்திரத்தின் அடிமட்டத்தில் ஓடும் கர்னல் என்கிற மென்பொருள் வேலைக்கு இப்போதுதான் வந்திருந்தார். கிட்டத்தட்ட மறுபடி ஒண்ணாங்கிளாஸ்.

பில் போடுகிற உலகத்தில், நிரல் தன் வேலைக்கு இடம், அதாவது மெமரி, கேட்டால் கிடைத்துவிடும். அபூர்வமாகக் கிடைக்காவிட்டால் நிரல் செத்து விழும். கடைக்காரர் திட்டிக்கொண்டே திரும்ப ஓட்டிக்கொள்வார். கர்னலில் அந்தச் சலுகை கிடையாது. கேட்டது கிடைக்காமலும் போகும், அதற்காகச் செத்து விழவும் கூடாது.

அன்று சோதனை. ரத்தத்துக்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. மெஹருன்னிசா வேண்டுமென்றே ஓரிடத்தில் மெமரி மறுக்கப்படும்படி செய்தார். பம்ப் நின்றது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. சிவப்புத் தண்ணீர் குழாயிலேயே அசையாமல் நின்றது.

சென்னியப்பன் அந்தக் குழாயையே பார்த்தார். அவர் தங்கை பூவாத்தாள் வாரத்துக்கு மூன்று தடவை இதே மாதிரி ஓர் இயந்திரத்தை நம்பித்தான் படுக்கிறாள்.

“மெமரி இல்லைன்னு சொன்னா நீங்க எழுதின கோடு என்ன பண்ணுது, சார்?” என்றார் மெஹருன்னிசா.

“திரும்பக் கேக்குதுங்க.”

“அப்பவும் இல்லைன்னா?”

“திரும்பக் கேக்குதுங்க.”

“எதுவரைக்கும்?”

“குடுக்கற வரைக்குங்க மேடம். அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்கல்ல.”

மெஹருன்னிசா கண்களைக் கசக்கிக்கொண்டார். ஒரு மாதமாகவே அங்கே யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

“டீ குடிச்சுட்டு வரலாம், வாங்க.”

டீ அறைக்கு ஒரே வாசல்தான். உள்ளே எல்லா ஸ்டூலிலும் ஆள் இருந்தது. மெஹருன்னிசா இரண்டு கையிலும் டம்ளரோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். குடித்து முடித்த ஃபிட்டர் ஒருவர் எழுந்து வந்தார்.

“கொஞ்சம் வழி விடுங்க மேடம்.”

“உக்கார எடம் கெடைச்சா விடறேன்.”

“நீங்க நகந்தாத்தானுங்க நாங்க வெளிய வர முடியும். நாங்க வந்தாத்தான எடம் காலியாகும்?”

“பரவாயில்ல. நான் காத்திருக்கேன்.”

இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி ஃபிட்டர் சென்னியப்பனைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்து வந்து நின்றார்கள். டீ ஆடை கட்டியது.

“போதுங்க மேடம்,” என்றார் சென்னியப்பன். “எங் கோட்லயும் இதேதானுங்க. ரெண்டு துண்டு மெமரிய வாங்கி வெச்சுக்கிட்டு மூணாவதுக்கு நிக்கறனுங்க. மணி அடிக்கறதுக்கும் மெமரி வேணும். அத நாந்தான் புடிச்சு வெச்சிருக்கறன்.”

மெஹருன்னிசா நகர்ந்து வழிவிட்டார்.

மத்தியானம் சென்னியப்பன் எல்லாவற்றையும் திருத்தினார். இல்லை என்று பதில் வந்தால், கடைசியாக வாங்கியதிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மணி அடிக்க வேண்டும். மறுபடி சோதித்தார்கள். பம்ப் நின்றது. மணி அடிக்கவில்லை.

தேடிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. மணி அடிக்கும் முன், என்ன கோளாறு என்று விவரமாக ஒரு செய்தி எழுத வைத்திருந்தார் மனுஷன். அந்தச் செய்திக்கு மெமரி கேட்டிருந்தார்.

“மெமரி இல்லைன்னு சொல்றதுக்கு மெமரி கேட்டிருக்கீங்க,” என்று மெஹருன்னிசா சிரித்தார். சிரிப்பு கொட்டாவியில் முடிந்தது. “மணிக்கு வேண்டியத, ரத்தம் குழாய்ல ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கி ஒதுக்கி வெச்சிருங்க. அது கெடைக்கலைன்னா ஆரம்பிக்கவே வேண்டாம்.”

அப்படியே செய்தார். இந்த முறை பம்ப் நின்றதும் மணி அடித்தது. சென்னியப்பன் முகத்தில் மட்டும் தெளிவில்லை.

“மணி அடிச்சுட்டா ஆச்சுங்களா? பம்ப் நின்னுதான கெடக்குது. அங்க படுத்திருக்கறது எந் தங்கச்சியா இருந்தா? ஒரு தடவ இல்லைன்னதும் கைய விரிச்சுட்டு வர்ற கோட எழுத எனக்கு மனசு வரமாட்டேங்குதுங்க.”

மெஹருன்னிசா எழுந்துபோய், இயந்திரத்தின் பக்கவாட்டில் செருகியிருந்த சிறு கைப்பிடியை எடுத்தார். நின்றிருந்த பம்பில் அதைப் பொருத்தி மெதுவாகச் சுற்றினார். குழாயில் நின்ற சிவப்பு, நோயாளியின் கைக்குப் போகும் பக்கமாக நகர ஆரம்பித்தது.

“இதச் சுத்தறதுக்கு நர்ஸ் பக்கத்துக் கட்டில்கிட்டதான் நிக்கறாங்க, சார். நீங்க விடாம கேட்டுக்கிட்டே இருந்தா அவங்களுக்கு யார் சொல்றது?”