தானா வந்த புழு

கொழுமங்கலத்து ராஜா கொண்டல்வண்ணருக்குக் கறிக்குழம்பு என்றால் உயிர். யாருக்காவது எதையாவது கொடு என்றால் உயிரே போய்விடும்! யார் வந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"தானா வரும்யா, போ!"

கூரை ஒழுகுது என்று வந்தவனுக்கும் அதே பதில். கிணறு தூர்ந்து போச்சு என்றவனுக்கும் அதே பதில். அரண்மனைச் சமையல்காரன் சடையாண்டி, கறிப்பானைக்கு மூடி கேட்டு ஆறு மாசம் நடையாய் நடந்தான். அவனுக்கும் அதேதான்.

ஒருநாள் பசி தாங்காமல் ராஜாவே அடுக்களைக்குள் நுழைந்து பானையை எட்டிப் பார்த்தார். ஐயையோ! கறி நெளிந்தது!

"அடேய் சடையாண்டி! எனக்குப் புழுக்குழம்பா வைக்கப் பார்த்தே?"

அரண்மனை வைத்தியர் சிங்காரப் பண்டிதர் எங்கிருந்துதான் வந்தாரோ, உடனே ஆஜர்.

"மகாராஜா, புழுவை யாரும் கொண்டுவந்து போடுறதில்லை. கறியிலே அது தானாவே பிறக்கும். வெட்டுறவன் கைராசி கெட்டிருந்தா சீக்கிரமே பிறக்கும். இவனை நாடு கடத்துங்க. என் மச்சான் வீட்டிலே சும்மாத்தான் இருக்கான். தங்கமான கைராசி!"

'தானாவே' என்ற சொல்லைக் கேட்டதும் ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. சடையாண்டி காலில் விழுந்தான்.

"மூணு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன் மகாராஜா?"

சபையில் அம்பலவாணர் என்று ஒருவர் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். அவர் எழுந்தார்.

"நாலு நாள் பொறுங்க மகாராஜா. அந்தக் கைராசியைச் சோதிச்சே பார்த்துடுவோம்."

சபை நடுவில் இரண்டு பானை வந்தது. சடையாண்டியே ஒரு ஆட்டுத் தொடையை வெட்டி, தன் கையாலேயே இரண்டிலும் போட்டான். ஒரு பானையைத் திறந்தபடி விட்டார்கள். இன்னொன்றின் வாயில் மெல்லிய மல் துணியை இறுக்கிக் கட்டி ராஜ முத்திரை வைத்தார்கள்.

அப்பப்பா, அந்த நாலு நாள் நாற்றத்தை என்னவென்று சொல்ல! மந்திரி மூக்கில் வெற்றிலையைச் செருகிக்கொண்டு பேசினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எதிரிப் படைக்குப் பயப்படாத தளபதி ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்.

ஐந்தாம் நாள் பார்த்தார்கள். திறந்த பானையில் புழுக்களின் தேர்த் திருவிழா. துணி கட்டின பானையில் கறி அழுகிக் கிடந்தது, ஆனால் ஒரு புழுகூட இல்லை.

பண்டிதர் குதித்தார். "உள்ளே காற்றுப் போகலை! அதான் உயிர் பிறக்கலை!"

"பண்டிதரே, மூக்கிலிருந்து கையை எடுங்க" என்றார் அம்பலவாணர்.

எடுத்தார். "உவ்வே!"

"இவ்வளவு நாற்றம் வெளியே வருதே, அந்தத் துணிக்குள்ளே காற்று மட்டும் போகாதா? துணி மேலே பாருங்க மகாராஜா. ஈ மொய்க்குது. வெள்ளை வெள்ளையாப் பொடி முட்டை. உள்ளே போக வழியில்லாம ஈ துணியிலேயே முட்டை போட்டிருக்கு. அந்த முட்டை பொரிஞ்சாத்தான் புழு. வெட்டினது ஒரே கை. ராசி கெட்ட கையா இருந்தா ரெண்டு பானையும் நெளிய வேண்டாமா?"

"குற்றவாளி ஈ!" என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். "சடையாண்டி, நீ எங்கேயும் போக வேண்டாம். பண்டிதரே, இனிமே அடுக்களையிலே உட்கார்ந்து ஈ ஓட்டும்!"

நோயாளி ஒருத்தரும் வராமல் பண்டிதர் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"அம்பலவாணரே, உமக்கு என்ன பரிசு வேணும்?" கேட்டுவிட்டு ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஈ, மகாராஜா."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. செலவே இல்லை! "ஈதானே? வேண்டிய மட்டும் பிடிச்சுக்கும்!"

"பறக்கிற ஈ இல்லை மகாராஜா. பெரியவங்ககிட்டே கேட்கிறவன் 'கொடு'ன்னு சொல்லக் கூடாதே, 'ஈ'ன்னுதானே கேட்கணும்? நீங்க ஈயாததாலேதான் அந்த ஈ வந்தது. சடையாண்டி கேட்ட மூடியை ஈயுங்க."

ராஜா தாடியைச் சொறிந்தார்.

"சரி, சரி. மூடி வரும்."

சடையாண்டி மெதுவாகத் தலையை நிமிர்த்தினான்.

"தானாவா, மகாராஜா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று துணி கட்டின பானைமேல் விழுந்தது. அதை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ராஜா வெறுந்தலையோடு தானே குயவன் வீட்டுக்கு நடந்து போய், நாற்பது மூடி வாங்கி வந்தார்.