'அன்'ல அழுத்தச் சொன்ன அக்கா

ஒரு ஊர்ல ஒரு ரயில் ஸ்டேஷனாம். அங்க மைக்குல இங்கிலீஷ்ல அறிவிப்பு சொல்ல ஆள் தேடினாங்களாம். அந்த ஊர்ல வடிவு, மாதுளைன்னு அக்கா தங்கச்சி இருந்தாங்க. வேலை ஒண்ணு, ஆசைப்பட்டது ரெண்டு பேரும். ம் சொல்லு.

"ம்."

அக்கா வடிவு மாசக்கணக்கா இங்கிலீஷ் பழகினா. நீள வார்த்தையை முறுக்கு மாதிரி மடக் மடக்னு ஒடைச்சு, கைதட்டிச் சொல்லுவா. "அன்... ஃபார்... சு... னெட்... லி." துரதிர்ஷ்டவசமான்னு அர்த்தம். அதுல 'ஃபார்'லதான் அழுத்தணும். அது படியறதுக்குள்ள அவளுக்கு நாக்கு தள்ளிப்போச்சு.

அப்போ அடுப்படியில இருந்த மாதுளை, ஒரே தடவை கேட்டுட்டு கடகடன்னு அப்படியே சொல்லிட்டா. வடிவுக்கு வயிறு குபுகுபுன்னு எரிஞ்சுது.

"சரியாக்கா?"

"தப்பு. முன்னாடி ஒட்டியிருக்கே 'அன்', அதுலதான் அழுத்தணும்."

"நீ 'ஃபார்'லதானே அழுத்தின?"

"நான் தப்பா சொல்லிட்டேன்டி. இந்த மாதிரி எல்லா வார்த்தைக்கும் முதல் துண்டுதான்."

மாதுளை நம்பிட்டா.

அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் மூணு வார்த்தை கொடுத்தாரு. மாதுளை மூணுலயும் முதல் துண்டை டம்னு அடிச்சா. முதல் வார்த்தைக்கு அவர் புருவம் ஏறுச்சு. ரெண்டாவதுக்கு உதட்டைப் பிதுக்கினாரு. மூணாவதுக்குப் பேனாவை மூடிட்டாரு. வேலை வடிவுக்கு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

முதல் நாள். மாதுளை அக்காவுக்குச் சோறு எடுத்துட்டு பிளாட்பாரத்துல வர்றா. டிங் டாங். ரயில் லேட்டாம். ஸ்பீக்கர்ல அக்கா குரல். அதே நீள வார்த்தை, 'ஃபார்'ல அழுத்தம் கணீர்னு விழுந்துச்சு. மாதுளை அப்படியே நின்னுட்டா.

அப்புறம் உள்ள போய்ச் சோத்தை வெச்சா. "ஏன்க்கா?"

வடிவு தலை நிமிரல. "நான் மாசக்கணக்கா மாரடிச்சது உனக்கு ஒரு நொடியில வந்துடுச்சேடி. பொறுக்கல."

மாதுளை திரும்பிப் போயிட்டா. வடிவு சோத்தை மூடி வெச்சா. எழுந்து நேரா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட போனா. "நான்தான் சார் அவளுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்தேன். இன்னொரு தடவை கேளுங்க." கேட்டாரு. வேலை தங்கச்சிக்குப் போயிடுச்சு.

"அப்புறம் அக்காவுக்கு வயிறு எரியலையா?"

எரியாம? டிங் டாங் கேக்கும்போதெல்லாம் எரிஞ்சுது. ஒரு நாள் பிளாட்பாரத்துல வடிவு பக்கத்துல ரயிலுக்கு நின்ன ஒரு அம்மா, "யாரு இந்தப் பொண்ணு, இவ்வளவு தெளிவாப் பேசுதே"ன்னு கேட்டாங்க.

"எந் தங்கச்சி"ன்னா வடிவு. சொல்லிட்டு வெடுக்குன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டா.

அவ்வளவுதான். கதை ஊர் போய்ச் சேந்துடுச்சு, நீ கண்ணை மூடு.