நோய் வராத செல்கள்

"மேடம், இந்தச் செல்களுக்கு நோயே வர மாட்டேங்குது," என்றாள் ஜெபசீலி.

ஹசீனா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம். ஹசீனா அதன் தலைவர். ஜெபசீலி முனைவர் பட்டம் முடித்த பிறகும், இன்னும் கற்க வேண்டும் என்று அவரிடம் வந்து சேர்ந்தவள். வயதில் ஹசீனாதான் இளையவர்.

மறதி நோய் கண்ட ஒரு மூதாட்டி ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுத்திருந்தார். அந்த ரத்தத்தின் செல்களை, எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து மூளையின் நரம்புச் செல்களை வளர்ப்பது ஜெபசீலியின் வேலை. நோய் எங்கே தொடங்குகிறது என்று அவற்றில் பார்க்க வேண்டும்.

"ஏன் வரல?" என்றார் ஹசீனா.

"ஸ்டெம் செல்லா மாத்தினதும் வயசெல்லாம் அழிஞ்சுபோகுது. இப்பத்தான் பிறந்த மாதிரி ஆயிடுது. அந்தப் பாட்டிக்கு வந்தது இதுக்கு வரல."

"நல்லதுதானே?"

"நோய் வந்தாத்தானே மேடம் மருந்தைப் போட்டுப் பாக்க முடியும்!"

குரல் உயர்ந்துவிட்டதை அவளே உணர்ந்தாள்.

ஹசீனா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

ஜெபசீலி கையிலிருந்த செல் வளர்ப்புத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாகர்கோவிலில் அவள் அம்மாவுக்கும் அதே நோய். போன கிறிஸ்மஸ் அன்று வீடியோ அழைப்பில் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு லிசி?" என்று மருமகளிடம் கேட்டாள். அதன் பிறகு ஜெபசீலி ஊருக்கே போகவில்லை.

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"இதுகளுக்குத் தினமும் உணவு மாத்தணும் மேடம். விட்டுட்டுப் போனா செத்துடும்."

"நான் மாத்துறேன்."

"மருந்து கிடைக்கட்டும். அதோட போறேன்."

"எப்பக் கிடைக்கும்?"

இந்தக் கேள்விக்கு வெளியாட்களிடம் சொல்ல அவர்களிடம் நம்பிக்கையூட்டும் ஒரு பதில் இருந்தது. அதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதில்லை.

"நம்ம காலத்துல கிடைக்காமலும் போகலாம்," என்றாள் ஜெபசீலி.

"அதுவரைக்கும் அம்மா?"



"வெறுங்கையோட எப்படி மேடம் போறது? இத்தனை வருஷமா இதைத்தானே படிச்சேன்."

"கை இருக்குல்ல," என்றார் ஹசீனா.

அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஜெபசீலி கதவருகே நின்றாள். போக முடியவில்லை.

"மெதுவா ஊத்தணும் மேடம். ஓரமா. நேரா ஊத்தினா செல்லெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துடும்."

"தெரியும். நீங்க பஸ்ஸைப் பிடிங்க."

மறுநாள் காலை அவள் நாகர்கோவில் வீட்டுக்குள் நுழைந்தபோது லிசி அடுக்களையில் இருந்தாள். அம்மா அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்து மெலிந்து, கம்மல் இல்லாத காதுகள் பெரிதாகத் தெரிந்தன.

அம்மா அவளை நன்றாகப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தா வாற மக்களே?"

ஊரில் இளையவர்கள் யாராக இருந்தாலும் அம்மாவுக்கு மக்களேதான்.

"இல்லம்மா. பெங்களூர்ல இருந்து."

அம்மாவின் முகம் மலர்ந்தது.

"எம்மவளும் அங்கதான் இருக்கா. சீலி."

ஜெபசீலி பையைக் கீழே வைத்தாள். அம்மாவின் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

"நீ அவளப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"சாப்பிடுதாளா? நேரத்துக்குச் சாப்பிட மாட்டா அவ."

"சாப்பிடுதா."

அம்மாவின் நகங்கள் வளர்ந்து, ஓரம் பிளந்திருந்தன. ஜெபசீலி அலமாரியில் நகவெட்டியைத் தேடி எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். அம்மா தடுக்கவில்லை.

"பொறவு ஏன் வரல்ல அவ?" என்று கேட்டாள்.

நகவெட்டி நின்றது.

"உங்களுக்கு மருந்து தேடிட்டு இருக்கா."

"எனக்கா?" அம்மா சிரித்துவிட்டாள். "எனக்கு என்ன வியாதி?"

அம்மா குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள்:

"மருந்து ஒண்ணும் வேண்டாம். அவளுக்க மொகத்த ஒருக்கா காட்டிட்டுப் போகச் சொல்லு. எனக்கு அவளப் பாக்கணும்போல இருக்கு."

ஜெபசீலி எழுந்து போய் சன்னல்களைத் திறந்தாள்.

வெயில் உள்ளே வந்தது. நாற்காலியை வெளிச்சத்தில் இழுத்துப் போட்டு, அம்மாவுக்கு நேர் எதிரே, நனைந்த முகத்தைத் துடைக்காமல் உட்கார்ந்தாள்.